என் மண்டையும் வாய்க்கால் தண்ணியும்

என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் முதல் இடம் எதற்கு என்று கேட்டால், ஒரு எருமையின் மேல் பொய்ப்பழி போட்டதற்குத்தான். அது வரம்பை மிதித்து உடைத்துத் தண்ணியைப் பிழையான வயலுக்குத் திருப்பிவிட்டது என்று, கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் சொன்னேன். நல்ல பொய். கொம்பு, வால் எல்லாம் வைத்துச் சொன்னேன். ஒரேயொரு குறை, அந்த எருமையை அதன் சொந்தக்காரர் முந்தின வருசமே விற்றுவிட்டார். விற்ற அன்று ஒழுங்கை முடக்கு வரை பார்த்து வழியனுப்பி வைத்தவர்களில் நானும் ஒருவன்.

பொய் சொல்லவேண்டி வந்த கதை இது.

பிறக்கும்போதே எனக்கு மூளை முடக்குவாதம். பிறந்தவுடன் அழ மறந்துவிட்டேனாம். அந்த மறதிக்குத் தண்டனையாகக் கால் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டன. இடதுகை எதையோ களவெடுத்து ஒளிக்கிறது போல நெஞ்சோடு மடிந்துவிட்டது. நாக்கு ஒவ்வொரு சொல்லையும் சப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடும். யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்து காடு வெட்டி வயல் செய்த குடும்பத்தில் இப்படி ஒருவன். மண்வெட்டி பிடிக்க ஏலாது. நாற்று நட ஏலாது. சாப்பிட மட்டும் ஏலும், அதிலும் பாதி உடுத்திருக்கிற சாரத்தில் விழும்.

ஆனால் தலை நல்லாயிருந்தது. சிறுபோகத்தில் குளத்தில் தண்ணி குறைவு, அதனால் எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். அந்த முறையை ஆளாளுக்கு மாற்றிக்கொள்வார்கள். “இண்டைக்கு என்ர தண்ணியை அவர் எடுக்கட்டும், வெள்ளிக்கிழமை அவரின்ர தண்ணி எனக்கு” என்று ஒருவர் வருவார். அந்த வெள்ளிக்கிழமையை அவர் இன்னொருவருக்குக் கொடுத்திருப்பார். இப்படி மாற்றுகிறவர்கள் என்னிடம் வந்து வாயால் சொல்லிவிட்டுப் போகவேண்டும், அதுதான் எங்கள் வாய்க்காலின் வழக்கம். என் காதில் விழாத மாற்றம் செல்லாது. சண்டைக்காலம், எழுதிவைக்கக் கொப்பி கிடைக்காது, பற்றறிக்குத் தடை. ஊரில் பாதி மணிக்கூடுகள் செத்துக் கிடந்தன. “இவன்ர மண்டைக்குப் பற்றறி தேவையில்லை” என்று, தண்ணிப் பங்கீட்டுக்குப் பொறுப்பாயிருந்த விதானையார் கூட்டத்தில் வைத்தே சொன்னார்.

அன்றிலிருந்து வாய்க்கால் கதவடியில், மருதமரத்துக்குக் கீழே எனக்கு இருக்க ஒரு கதிரை. நல்ல கால் இரண்டு உள்ளவர்கள் எல்லாம் என்னைத் தேடி நடந்து வர, நான் இருந்தபடியே “ம்” என்பேன். எனக்கிருந்த பெருமைக்கு அந்தக் கதிரை காணாது. அதை விட்டால் எனக்கு ஊரில் வேறு வேலை இல்லை என்பதும், வீட்டுக்குள் ஒரு வாயாகக் கிடக்கவேண்டியதுதான் என்பதும் எனக்கு நல்லாகத் தெரியும்.

நாற்பது தாண்டியதும் முதலில் கால்கள் வேலைநிறுத்தம் தொடங்கின. கிணற்றடிக்குப் போய்வந்தால் அரைநாள் படுக்கை. பிறகு தலை. முகம் தெரியும், பெயர் தெரியும், இரண்டும் ஒன்றோடொன்று கோபம் போலச் சேராது. நான் விடுவேனா? ஆம்பிளையள் எல்லாரையும் “என்ன ராசா” என்றேன், பொம்பிளையள் எல்லாரையும் “என்ன பிள்ளை” என்றேன். வயது போகப் போக இவனுக்கு அன்பு கூடுது என்று ஊர் சொன்னது. மறதிக்கு இவ்வளவு நல்ல பெயர் உலகத்தில் வேறு ஒருவருக்கும் கிடைத்திராது.

புருசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு ஒரு ஏக்கர் செய்த பெண் ஒருத்தி எங்கள் வாய்க்காலில் இருந்தா. அவவின் நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் வயிற்றுக்குள் இருக்கிற நேரம், தண்ணி பிந்தினால் முழுவதும் பதர். தன் திங்கட்கிழமையை இன்னொருவருக்குக் கொடுத்து, அவருடைய வியாழக்கிழமையைத் தான் எடுப்பதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனா. நானும் “ம்” என்றேன். வியாழக்கிழமை வந்தது. “ஆரின்ர பக்கம் திறக்கிறது?” என்று கதவு திறப்பவர் கேட்டார். கொஞ்சமும் யோசிக்காமல் பழைய முறையையே சொன்னேன். திங்களும் அந்த ஆளுக்கு, வியாழனும் அந்த ஆளுக்கு. அடுத்த முறை வருவதற்குள் அவவின் வயலில் பாதி போய்விட்டது.

அவா வந்து ஏசவில்லை. வாய்க்காலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, போய்விட்டா. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அந்தப் பின்னேரம்தான் எருமை பிறந்தது.

எருமைப் பொய் பிடிபட்டதும் தம்பி என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனான். அதுவும் எங்களைப் போல வேறிடத்திலிருந்து வந்த ஆசுபத்திரிதான், சண்டையால் இடம்பெயர்ந்து ஓலைக் கொட்டிலில் நடந்தது.

“பிள்ளையைக் கொண்டு வந்தனீங்களோ?” துண்டுச்சீட்டில் வருத்தத்தின் பெயரைப் பார்த்துவிட்டுத் தாதி கேட்டா.

“ஓம். நான்தான் பிள்ளை.”

அவா சிரிக்கவில்லை. “உந்த வருத்தம் சின்னப்பிள்ளையளின்ர கிளினிக்கிலதான் பாக்கிறது” என்று நீள வாங்கு ஒன்றில் இருத்தினா. ஒரு பக்கம் பால் குடிக்கிற குழந்தை, மற்றப் பக்கம் மூக்கு ஒழுகிற குழந்தை, நடுவில் நரைத்த மீசையோடு நான். நிறை பார்க்கிற தொட்டிலில் என்னைத் தூக்கிப் போடவில்லை, அந்த மட்டில் மரியாதை.

டொக்டர் இளம் ஆள். மூன்று சொல் சொன்னார், ஞாபகம் வைத்திருக்கச் சொன்னார். என் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்த பிறகு திருப்பிக் கேட்டார்.

“தேங்காய், கதவு,” என்றேன். “மூண்டாவது உங்களுக்கே மறந்துபோயிருக்கும் டொக்டர்.”

சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். சிரித்துக்கொண்டே எழுதுகிறவர்களிடம் நான் எப்போதும் கவனம்.

“பிறக்கேக்க பட்ட காயம் பேந்து மோசமாகாதெண்டுதான் நாங்கள் படிச்சனாங்கள்,” என்றார். “ஆனா உங்கட மூளையில நல்லாயிருக்கிற பக்கம் இவ்வளவு வருசமா மற்றதின்ர வேலையையும் சேத்துச் செய்திருக்கு. வயது எல்லாருக்கும்தான் போகுது. உங்களுக்கு அது முந்தியே தெரியத் தொடங்கிட்டுதோ எண்டு நினைக்கிறன்.”

“நினைக்கிறீங்களோ, தெரியுமோ?”

“தெரியாது அண்ணை. என்ர புத்தகத்தில உங்களைப் போல ஆக்கள் பன்னிரண்டு வயதோட முடிஞ்சு போயினம்.”

“பேந்து எங்க போயினமாம்?”

“அது எழுதேல்லை.”

ஆக, புத்தகத்தில் இல்லாத வயதில் உயிரோடு இருந்ததுதான் நான் விட்ட பிழை. ஆனாலும் அந்த டொக்டரில் எனக்குக் கோபம் வரவில்லை. “தெரியாது” என்று எனக்குச் சொன்ன முதல் டொக்டர் அவர்தான். மற்றவர்கள் எல்லாரும் தெரியும் என்று சொல்லித்தான் எண்ணெய் பூசினார்கள். களைத்தால் படுக்கச் சொன்னார், எல்லாவற்றையும் தனியத் தலையில் வைக்காமல் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

திரும்பி வரும்போது கரியரில் இருந்தபடியே ஒரு பேச்சுத் தயாரித்தேன். பதவி விலகுகிற பேச்சு. உண்மையில் விலகுகிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. நான் விலகுகிறேன் என்பேன், ஊர் பதறும், “ஐயோ, நீங்கள் இல்லாட்டி வாய்க்கால் என்னெண்டு ஓடும்” என்று நாலு பேர் கையைப் பிடிப்பார்கள், நானும் மனமில்லாதது போல ஒத்துக்கொள்வேன். திட்டம் திறம்.

ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால்காரர் எல்லாரும் கூடினார்கள். பாதி வயலை இழந்த அவவும் வந்து ஓரமாக இருந்தா. நான் எழும்பினேன். எழும்பவே நேரம் எடுத்ததால் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள், அது நல்லதாகப் போய்விட்டது.

“நான்தான் மறந்தனான். மூளை தேயுதாம். டொக்டரே பாத்திட்டார். இனி என்னை நம்பி ஒருத்தரும் தண்ணி மாத்தாதேங்கோ. நான் விலகிறன்.” இதற்குள் ‘மூளை’ என்ற சொல்லில் நாக்கு இரண்டு தரம் சிக்கியது, அதுவும் உருக்கத்துக்கு உதவும் என்று கணக்குப் போட்டேன்.

ஒருவரும் பதறவில்லை. ஒருவர் வெத்திலையைத் துப்பினார். இன்னொருவர் வானத்தைப் பார்த்தார். கையைப் பிடிக்க ஒரு கையும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் விளையாட்டாக நீட்டியதை ஊர் உண்மையாகவே வாங்கிக்கொள்ளப் போகிறது.

விதானையார் தொண்டையைச் செருமினார். “நட்டப்பட்டது அவா. இவன் இருக்கிறதோ போறதோ, அவாதான் சொல்லவேணும்.”

ஊர் முழுக்க அவவின் பக்கம் திரும்பியது. எனக்குப் பேச்சில் மிச்சம் இருந்த இரண்டு வசனமும் மறந்துபோய்விட்டன, இந்த முறை அது மூளை வருத்தத்தால் இல்லை. “தங்கச்சி, நான் வேணுமெண்டு செய்யேல்லை,” என்றேன். “உங்கட வயலை நினைச்சு எனக்குச் சோறு இறங்கேல்லை. என்னைப் போகச் சொன்னாலும் போறன், நீங்கள் என்ன சொன்னாலும் சரி. ஆனா டொக்டர் என்ன சொன்னவரெண்டால்...”

“உந்தப் போற கதையை விட்டிட்டு, நாளைக்கு ஆரின்ர முறையெண்டு சொல்லுங்கோ அண்ணை.”