பழிக்காகச் செய்த விளையாட்டுப் பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அலுவலர்கள் மட்டும் கூடும் ஸ்டாஃப் கிளப்புக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வந்தது. ஆள் உயரம் இருக்கும். ஈப்போவிலிருந்து லாரியில் ஏற்றி வந்தார்கள். மறு வாரமே அது நின்றுபோனது. தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் மின்வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை, எங்களுக்கு வேலை பிரித்துப் போடும் கணக்கரான தொழிற்சாலைக் கிராணி கூப்பிட்டு அனுப்பினார். பியூஸ்தான் போயிருந்தது. மாற்றினேன். திரையில் விண்கலங்கள் வரிசையாக இறங்கின. சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பிடியை இரண்டு தடவை அசைத்தேன்.

"போதும். ரிப்பேருக்கு வந்தே, முடிஞ்சிடுச்சு, போலாம்லா," என்றார் கிராணி. நான் வாசலைத் தாண்டுவதற்குள் கைக்குட்டையை எடுத்து, நான் தொட்ட பிடியை அழுத்தித் துடைத்தார். உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கு நடந்து வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இதே மாதிரி ஒன்றை நானே செய்து லயத்து மண்டபத்தில் வைப்பேன். அந்த ஆள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து வயிறு எரிய வேண்டும்.

அக்கா புருஷன் கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் லாரி ஓட்டினார். அங்கே ஒரு ரிப்பேர் கடையில் கழித்துப்போட்ட, விளையாட்டை ஓட்டும் மின்பலகையான கேம் போர்டு ஒன்றை எனக்காகக் கேட்டு வாங்கி வந்தார். பிரிஞ்சாங் டவுன் ஓட்டல் ஒன்றில் தூக்கிப்போட இருந்த டிவியும் கிடைத்தது. பலகைக்கு உடைந்த தேயிலைப் பெட்டிகள் இருந்தன.

கோபத்தோடு அளவெடுக்கக் கூடாது. டிவியின் முகத்தை மட்டும் அளந்து பெட்டியைச் செய்து முடித்தேன். உள்ளே வைத்தால் பின்பக்கம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முழுவதையும் பிரித்தேன். தேயிலைப் பெட்டிப் பலகை மெல்லியது, டிவியின் கனம் தாங்காமல் தொங்கியது. பழைய கட்டில் சட்டத்தை அறுத்து முட்டுக் கொடுத்தேன். பிடியை என் நெஞ்சு உயரத்துக்கு வைத்திருந்தேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த அக்கா அதன் முன்னால் நின்று பார்த்து, "நீ மட்டுந்தான் ஆடப் போறியா? எனக்கு எட்டவே இல்லையே," என்றாள். அதையும் இறக்கினேன். போட்டுப் பார்த்தோம், ஓடியது.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் மலையில் பனி கதவிடுக்கிலும் நுழையும். ஈரம் அடிக்காமல் இருக்கட்டும் என்று, தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை உள்பக்கம் முழுக்க ஒட்டினேன். பளபளவென்று இருந்தது. அதன் மேலேயே போர்டை வைத்துத் திருகினேன். ஏற்கெனவே ஓடிய பெட்டிதானே என்று மறுபடி போட்டுப் பார்க்கவில்லை.

தீபாவளியன்று மதியம் லயமே மண்டபத்தில் கூடியிருந்தது. கிராணியை நானே போய் அழைத்து வந்தேன். சுவிட்சைத் தட்டியதும் படீரென்று ஒரு சத்தம். பெட்டியின் பின்னாலிருந்து புகை வந்தது. அக்கா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். கிராணி கையிலிருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டே, "தேயிலைப் பெட்டியில தேயிலையத்தான் போடணும்லா தம்பி," என்றார். என் சொந்த ஜனங்களே சிரித்தார்கள்.

ஈயத்தாளில் மின்சாரம் பாயும். மின்வேலை தெரிந்த எவனும் செய்யாத தப்பு அது. அவர் முகத்தையே நினைத்துக்கொண்டு வேலை செய்தவனுக்குக் கைக்கு அடியில் இருந்தது தெரியவில்லை. போர்டு கருகிவிட்டது. வேறு போர்டு ஈப்போவிலும் கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து கிளப் பெட்டி மறுபடி நின்றது. என்னைத்தான் கூப்பிட்டார்கள். பின்கதவைத் திறந்தேன். ஒரே ஒரு கம்பி கழன்று தொங்கியது. ஒரு நிமிட வேலை.

"என்னடா ஆச்சு?" என்றார் கிராணி.

"போர்டு செத்துப்போச்சுங்க ஐயா. இதுக்குச் சாமான் கிடைக்காது."

"அப்போ ஸ்கிராப்புல போடு."

"எழுதிக் குடுத்தீங்கன்னா நானே எடுத்துட்டுப் போயிடுறேங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

இந்தத் தடவை என் பெட்டியில் ஒட்டியிருந்த ஈயத்தாளை முழுக்கக் கிழித்தெறிந்தேன். கிளப் பெட்டியிலிருந்து கழற்றிய போர்டை அதற்குள் மரக்கட்டைகளின் மேல் இடைவெளி விட்டு நிறுத்தினேன். சூடு போக மேலும் கீழும் துளை போட்டேன். மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே மண்டபத்தில் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிராணி வந்தார். கிளப்பில் தினமும் கேட்ட அந்த விளையாட்டின் பாட்டுச் சத்தம் அவருக்குத் தெரியாதா?

"இது கிளப்புப் பெட்டிதானே?"

"பெட்டி என்னுதுங்க. உள்ள இருக்கிற போர்டுதான் நீங்க கழிச்சது."

"செத்துப்போச்சுன்னு சொன்னே?"

"ஒரு கம்பி கழண்டிருந்துச்சுங்க, அவ்வளவுதான்."

திருட்டு என்று சொல்ல முடியாது, அவர் கையெழுத்து என்னிடம் இருந்தது. வரிசையில் நின்ற பெண் ஒருத்தி, "ஆடுறதுன்னா பின்னால வந்து நில்லுங்க ஐயா," என்றாள். மண்டபமே சிரித்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

திங்கட்கிழமை என்னைப் பட்டறையிலிருந்து எடுத்து, மேல்மாடியில் கொழுந்து உலர்த்தும் வேலைக்குப் போட்டார். ஏழு மாதம் அங்கே இருந்தேன். பழி தீர்த்தால் மனம் வெறுமையாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. கொழுந்தைக் கிளறும்போதெல்லாம் அவர் முகம் போன போக்கை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அக்கா மட்டும் அந்தப் பெட்டியில் ஒரு தடவைகூட ஆடவில்லை. ஏன் என்று கேட்டேன். "பொய் சொல்லித்தானே வாங்குன?" என்றாள். ஆனாலும் அந்தப் போர்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.