அஞ்சலை உயரத்துக்கு ஒரு கல்

போன வாரம் யூடியூப் சேனல் ஒன்றிலிருந்து ஒரு பெண் என்னைப் பேட்டி எடுக்க வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக ஃபேனை நிறுத்தச் சொன்னார், சத்தம் விழுமாம். அப்புறம் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு மைக்கை எடுத்து என் சட்டையில் மாட்டிவிட்டு, "சாதாரணமா பேசுங்க சார், நீங்க மூச்சு விட்டாக்கூட இது எடுத்துடும்" என்றார். அதற்குமேல் எனக்கு மூச்சு விடவே கூச்சமாகிவிட்டது.

கேள்விகளைத் தாளில் எழுதி வந்திருந்தார். கல்வராயன் மலைக்கு ரோடு வருவதற்கு முன்னால் ஜனங்கள் எப்படி ஏறி இறங்கினார்கள், கடுக்காய் வியாபாரம் எப்படி நடந்தது, கண்டக்டராக இருந்த நீங்கள் வரலாற்றுக்கு எப்படி வந்தீர்கள். எல்லாம் நூறு தடவை சொன்ன பதில்கள். வாய் தானாகப் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் தாளை மடித்து வைத்துவிட்டு, சும்மா கேட்பதுபோல, "இவ்ளோ கதை சொல்லியிருக்கீங்களே சார், எதாவது ஒண்ணு தப்பாப் போயிருக்கா?" என்றார்.

நான் தண்ணீர் கேட்டேன். அவர் கேமராவை நிறுத்திவிட்டு எடுக்கப் போனார். அந்தக் குட்டி மைக்கைக் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

அந்தக் காலத்து மேடை மைக்குக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? உங்களுக்கு முன்னால் பேசியவர் போட்ட வெற்றிலை, அவருக்கு முன்னால் பேசியவர் குடித்த டீ, எல்லாவற்றுக்கும் அடியில் இரும்புத் துரு. முதன்முதலாக அப்படி ஒரு மைக் முன்னால் நான் நின்றது வடக்கனந்தல் பக்கம் ஒரு கிராமத்து நூலகத்தின் ஆண்டு விழாவில். ஊர்ப் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. நான் அப்போது கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸுக்குள் எப்போதும் புளியும் கடுக்காயும் டீசலும் கலந்த ஒரு நெடி. இன்றைக்கும் மளிகைக் கடையில் புளி மூட்டையைப் பிரித்தால் என் கை தன்னாலே விசிலைத் தேடுகிறது.

டிக்கெட் கிழித்துக்கொண்டே கதை கேட்பது என் பழக்கம். இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேர், அந்தப் பாறைக்கு ஏன் பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று நச்சரிப்பேன். சாமை மூட்டையோடு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். கீழ்நாட்டுக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "மொதல்ல டிக்கெட்டக் குடுய்யா, அப்பால கத கேளு" என்பார்கள். எனக்குக் 'கத கண்டக்டரு' என்று பேர் வைத்ததும் அவர்கள்தான். அந்தப் பேரைக் கேட்டுத்தான் நூலகத்துக்காரர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

அந்த ஊரை ஒட்டி எங்கள் வழியில் 'சுமைதாங்கி' என்று ஒரு ஸ்டாப் உண்டு. ரோட்டோரம் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல் போட்டது. தலையில் மூட்டையோடு நடந்து வருகிறவர், இறக்கிவிட ஆள் இல்லாவிட்டாலும், தானே அதன்மேல் சுமையைச் சரித்து வைத்துவிட்டு நிற்கலாம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக வைக்கிற கல் அது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போய்விட்டாளே, யாரோ ஒருவர் இங்கே சுமையை இறக்கும்போதெல்லாம் அவளுக்கும் கொஞ்சம் பாரம் குறையட்டும் என்று ஒரு நம்பிக்கை.

அது யாருக்கு வைத்த கல் என்று விசாரித்தேன். நாலு பேரைக் கேட்டதில் நாலு பேரும் "பெரிய வூட்டுக் கல்லு" என்றார்கள். பெரிய வூடு என்பது அந்த ஊரில் கரும்பும் நெல்லுமாக நிறைய நிலம் வைத்திருந்த குடும்பம். நாலு பேர் ஒன்றாகச் சொன்னால் அப்புறம் என்ன? விழாவில் எடுத்து விட்டேன். பெரிய வூட்டுக்கு வாழ வந்த மருமகள், நிறைமாதத்தில் போய்விட்டாள், அவள் நினைவாகக் குடும்பத்தார் கண்ணீரோடு நட்ட கல் என்று. கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேகம் பிடித்துவிட்டது. அந்திப் பொழுதில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கொலுசுச் சத்தம் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்றேன். எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. கொலுசு முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு. ஒரே கைதட்டல். தலைமை தாங்கிய பெரிய வூட்டுக்காரர் எழுந்து வந்து துண்டு போர்த்தினார்.

இரண்டு நாள் கழித்து, களையெடுக்கப் போகிற பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். அதில் ஒருத்தர் செல்லம்மா. ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம், முழங்கையில் சோற்றுத் தூக்கு. டிக்கெட் வாங்கிய பிறகும் நகரவில்லை.

"கூட்டத்துல அந்தக் கல்லப் பத்தி பேசினது நீங்கதான?"

பாராட்டப் போகிறார் என்று நினைத்துப் பல்லைக் காட்டினேன்.

"அது எங்க அக்கா கல்லுங்க. அஞ்சல. வவுத்துல புள்ளயோட செத்துப்போச்சு. வண்டிதான் பெரிய வூட்டுது. கல்லு எங்களுது."

விஷயம் இதுதான். அஞ்சலை மூட்டை தூக்குகிறவள். மலையடிவாரத்திலிருந்து புளி, விறகு என்று தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டவள். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் சுமையோடு வழியிலேயே விழுந்துவிட்டாள். அவள் அப்பா மலையடியில் கல் பார்த்து உடைத்து, அதைக் கொண்டுவரப் பெரிய வூட்டில் மாட்டுவண்டி கேட்டார். அவர்களும் முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம். எது யார் வண்டியில் வந்ததோ அது அவர்களுடையது. பெரிய வூட்டு வண்டியில் வந்த எருவுக்குக்கூடப் பெரிய வூட்டு எரு என்றுதான் பேர். இது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரனான எனக்குத் தெரியவில்லை.

தப்பை ஒத்துக்கொள்வதற்குப் பதிலாக நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எதாவது ஆதாரம் இருக்காக்கா?" என்றேன். இரண்டு நாள் முன்னால்தான் துண்டு வாங்கியவன் இல்லையா, அந்தக் கொழுப்பு.

அவர் கோபப்படவில்லை. "கல்லாண்ட வந்து பாருங்க" என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் போனேன். செல்லம்மா கல்லுக்குப் பக்கத்தில் நின்று காட்டினார். பலகைக்கல் அவர் மார்புக்குக் கீழே வந்தது. சுமைதாங்கி என்றால் கழுத்து உயரத்துக்காவது இருக்க வேண்டும், அப்போதுதான் தலைச்சுமையை வாகாகச் சரிக்கலாம். இது நன்றாகவே குட்டை. தினம் இரண்டு நடை அந்த வழியில் போய் வந்தவன், ஒரு நாளும் இதை யோசித்ததில்லை.

"எங்க அக்கா குள்ளம். பொதைக்கறதுக்கு முன்னாடி எங்கப்பா ஒரு கவுத்த எடுத்து, காலுலேர்ந்து கழுத்து வரைக்கும் அத அளந்துகினாரு. அந்தக் கவுத்து நீளத்துக்குத்தான் கல்லு நட்டாரு. எம்பொண்ணு வந்தா எட்டணும்னாரு."

அந்த நேரம் பார்த்து ஒருவர் விறகுக் கட்டோடு வந்தார். காலை அகட்டி, முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த மாதிரி ஆகித்தான் கட்டைச் சரிக்க முடிந்தது. "எவன் இத இவ்ளோ குட்டையா வெச்சான், இடுப்பு வுட்டுப்போவுது" என்று முனகினார்.

"எங்க அக்கா உங்களாட்டம் வளரலியே, இன்னா பண்றது?" என்றார் செல்லம்மா.

எனக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"பஸ்ல சொன்னா பத்தாதுங்க. மைக்குல சொன்னத மைக்குலதான் மாத்திச் சொல்லணும். ஊரே கேட்டுச்சு. எங்க அக்காவுக்கு இருந்தது அந்தக் கல்லு ஒண்ணுதான்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்களே, நேராகப் பெரிய வூட்டுக்கே போனேன். மோர் கொடுத்தார்கள். நான் இழுத்து இழுத்து விஷயத்தைச் சொன்னதும், எனக்குத் துண்டு போர்த்தியவர் சிரித்தார். "இப்ப இன்னா கெட்டுப்போச்சு கண்டக்டரே? சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். எங்க வூட்லயே ஒரு பொண்ணு அப்பிடிப் போச்சுன்னு எங்களுக்கே நீங்க பேசினப்பறந்தான் தெரியுது. எங்கம்மாவுக்கு இப்ப அந்தக் கொலுசுச் சத்தங்கூட ஞாபகம் வருதாம்" என்றார். கல்லுக்கு அதற்குள் வெள்ளையடித்து, நீல எழுத்தில் குடும்பப் பேரை எழுதியாகிவிட்டது. நான் மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து பேசியிருக்கலாம். நூலக விழாவுக்குப் பந்தலும் நாற்காலியும் அந்த வீட்டிலிருந்துதான் வந்தன, எனக்குத் துண்டும் அங்கிருந்துதான் வந்தது. எழுந்து வந்ததற்கு வேறு காரணம் இருந்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருட விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருடம் விழாவே நடக்கவில்லை. கையில் மைக் இல்லாதவனுக்கு இருந்தது தொண்டை மட்டும்தான். ஒரு நாள் ஸ்டாப் நெருங்கும்போது, சுமைதாங்கி என்று கத்துவதற்குப் பதிலாக, "அஞ்சல கல்லு எறங்கு! அஞ்சல கல்லு!" என்று கத்தினேன். டிரைவர் திரும்பி, "யாருய்யா அஞ்சல, உன் சம்சாரமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னேன். கேட்ட பயணிகளுக்கெல்லாம் சொன்னேன். போகும்போதும் வரும்போதும், பல வருடம். ஜனங்களும் "அஞ்சல கல்லு ஒண்ணு குடு" என்று டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்கள்.

முதல் தடவை செல்லம்மா பஸ்ஸில் இருக்கும்போது நான் அப்படிக் கத்தியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறங்கும்போது படியில் நின்று, என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"மைக்கு?"

அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் அதேதான். திட்டு கிடையாது, சண்டை கிடையாது. "மைக்கு?" "சொல்லிடறேங்க்கா." சில நாள் கூட்டத்தில் அவர் தலை தெரிந்தால் நான் பின்படிக்கு நகர்ந்துவிடுவேன்.

ரோடு அகலப்படுத்தினபோது நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தால் கல் நின்ற இடம் மட்டமாக இருந்தது. சிறுபாலத்துக்கு அடியில் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், லாரியில் போய்விட்டது என்று இன்னொருவர். பெரிய வூட்டுக்காரர்களும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், கிடைக்கவில்லை. எப்படியும் அப்போது தலையில் சுமை தூக்குகிறவர்களே குறைந்துவிட்டார்கள், ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. செல்லம்மா அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தார். அவர் போனது எனக்குத் தெரிந்ததே பதினைந்து நாள் கழித்து, களையெடுக்கப் போகிற பெண்கள் பேசிக்கொண்டதிலிருந்துதான்.

ஓய்வு பெற்றபின் எனக்கு மைக்குக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூடம், கல்லூரி, மணலூர்பேட்டையில் ஒரு வாசகர் கூட்டம், மூங்கில்துறைப்பட்டில் ஒரு விழா. பேருக்கு முன்னால் வரலாற்று ஆய்வாளர் என்று போடுகிறார்கள். ஒரு இடத்திலும் நான் அஞ்சலை பேரை எடுக்கவில்லை. முதல் கதையே பொய் என்றால் மற்றதையெல்லாம் யார் நம்புவார்கள் என்ற பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது, வேறென்ன சொல்ல.

அந்தப் பெண் தண்ணீரோடு வந்தார். குடித்துவிட்டு, "ஆன் பண்ணும்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொலுசு நான் போட்டது என்றேன். துண்டு வாங்கியதைச் சொன்னேன். அஞ்சலை என்ற பேரை இரண்டு தடவை, மைக் பக்கம் குனிந்து, அழுத்திச் சொன்னேன். அதைக் கேட்க வேண்டியவர் இல்லை.

பேட்டி முடிந்ததும் அந்தப் பெண், "அந்த இடத்துல ஒரு ஷாட் எடுத்துடலாமா சார்?" என்று கேட்டார். அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்றேன். கல் இல்லை. கல்லில் எழுதிய பேரும் இல்லை. ஸ்டாப்பே கொஞ்ச தூரம் தள்ளிப் போய்விட்டது, மெஷின் அடிக்கிற டிக்கெட்டில் அதற்கு வேறு பேர். "ஃபோட்டோ எதாச்சும்?" இல்லை. "அப்ப எவ்ளோ உயரம்னாவது காட்டுங்க சார்."

எழுந்து நின்று, என் நெஞ்சுக்குக் கீழே கையை நீட்டிக் காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க சார், கை ஃப்ரேம்ல வரல."

"வராட்டிப் போவட்டும்மா" என்றேன். "அது அவ்ளோதான் உசரம்."