ஹாங்காங் கேம் பெட்டியும் ஊமையான டிவியும்

1983 நவம்பர் 10, வியாழக்கிழமை, காலை 10.20. தூறல். மலேசியாவின் ஈப்போவில் டிவி ரிப்பேர் கடையில் எனக்கு அது பதினோராவது வருடம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், லாரி டிரைவர் மருதையாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி ஹாங்காங்கிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்திருந்தார். ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு அதை இணைத்தேன். படம் கலரில் வந்தது. சத்தத்துக்குப் பதில் வெறும் இரைச்சல்.

காரணம் எனக்குத் தெரியும். நம் டிவி ஒலியை ஐந்தரை மெகாஹெர்ட்ஸில் தேடும். ஹாங்காங் பெட்டி ஆறில் அனுப்பும். படத்தையும் ஒலியையும் டிவிக்கு அனுப்பும் மாடுலேட்டர், பெட்டியில் ஈயம் வைத்து மூடிய தகர டப்பாவுக்குள் இருந்தது. திறக்க நாற்பது நிமிடமாவது ஆகும். டிவியில் ஒலியைப் பிடிக்கும் கம்பிச்சுருளான காயிலோ கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நடுவில் நிறுத்தினால் இரண்டும் கேட்கும் என்று கணக்குப் போட்டு, ஒன்றேகால் சுற்றுத் திருப்பினேன். திரையில் பந்து 'டொக்' என்றது.

"ராசியான கைலா அண்ணே," என்றார் தம்பி.

மருதையாவின் மனைவி சரோஜா மட்டும் கேட்டார்: "சாயந்திரம் தமிழ்ப்படம் இருக்குண்ணே. லயத்துல எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். அது நல்லா வரும்ல?"

"ஆன்டெனாவ மாத்திக் குத்துங்க, போதும்."

ஒளிபரப்பு மாலையில்தான் தொடங்கும். காத்திருந்து பார்த்திருக்கலாம். மலேசியக் காசில் பன்னிரண்டு வெள்ளி கூலியை வாங்கிக்கொண்டு 12.05 பஸ்ஸில் ஏறிவிட்டேன். பந்து அத்தனை தெளிவாகக் கேட்டபோதே, காயில் நடுவில் நிற்காமல் ஆறுக்கே போய்விட்டது என்று புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் 8.40-க்குக் கணவரின் லாரியில் சரோஜா கடைக்கு வந்தார்.

"படம் வந்துச்சு, பேச்சு வரல. முப்பத்தோரு பேரு உக்காந்து வாயசைக்கிறதப் பாத்துட்டுப் போனாங்க. எதிர்வீட்டுக்காரி இன்னும் சிரிக்கிறா. ஒரு வருசம் பால்மரம் வெட்டிப் பாலெடுத்து வாங்குன டிவிண்ணே."

"மன்னிச்சுக்குங்க அக்கா."

"மன்னிப்ப வச்சு என்ன செய்ய? அதப் பேச வைங்க."

அதே லாரியில் போனேன். திருப்பிய காயிலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்போது அதன் உள்தண்டு உடைந்தது. புதுக் காயில் வைத்தேன். பிறகு தகர டப்பாவைத் திறந்து, கேம் பெட்டியை ஐந்தரைக்கு இறக்கினேன். பிடித்தது முப்பத்தைந்து நிமிடம்தான். மாலையில் செய்தி வாசிப்பவர் குரல் கேட்ட பிறகே எழுந்தேன். சரோஜா எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

இப்போது பழைய கேம் பெட்டியை எச்டி டிவியில் இணைக்க என்னிடம் யோசனை கேட்கிறார்கள். டிவியைத் தொடாதீர்கள், நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வையுங்கள் என்கிறேன். கேம் இரண்டு பேருக்கானது. அந்த டிவி ஒரு லயத்துக்கே சொந்தம்.

அன்று அந்தத் தவறுக்கு ஆன செலவு: திருப்பிக் கொடுத்த கூலி 12.00, காயில் 1.80, திரும்பி வந்த பஸ் 1.40, முதலாளி பிடித்த ஒருநாள் சம்பளம் 14.00. மொத்தம் இருபத்தொன்பது வெள்ளி இருபது காசு.