மேசையில் கிடக்காத இதழ்

வெளிநாட்டு இதழ் வரவில்லை என்றால் நான் கப்பலைத்தான் திட்டுவேன். எழுபதுகளில் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சிப்பி, நத்தை பற்றிய ஆராய்ச்சி இதழ் ஒன்று கடல் தபாலில் எங்கள் நூலகத்துக்கு வரும். துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தபாலுக்குத் தவம் கிடக்கிறோமே என்று சலித்துக்கொள்வேன். ஆனால் ஒரு தடவை கப்பல் மேல் ஒரு குற்றமும் இல்லை.

முனைவர் பட்டத்துக்காக முத்துச் சிப்பிக் குஞ்சுகளை வளர்த்துக்கொண்டிருந்தேன். கம்பிக் கூடுகளில் போட்டு, மிதவையிலிருந்து கடலுக்குள் தொங்கவிட்டிருந்தோம். ஓட்டின் மேல் பாசியும் சின்னச் சின்ன உயிர்களும் ஒட்டி வளர்ந்து சிப்பியை வாழவிடாது. அதற்கு அந்த இதழில் ஒரு வழி வந்தது. சிப்பிகளைக் கெட்டியான உப்பு நீரில் சற்று நேரம் முக்கி எடுத்தால் ஒட்டியதெல்லாம் செத்து உதிரும், சிப்பி வாயை மூடிக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். தொடர்ச்சி அடுத்த இதழில் என்று போட்டிருந்தது. உப்பு நீருக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? உப்பளத்திலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து முக்கினேன். ஓடுகள் பளிச்சென்று ஆயின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பக்கத்தில் சொந்த ஊரான நாசரேத்துக்குப் போய்த் திரும்பினேன். அடுத்த இதழ் நூலகத் தட்டில் இல்லை. வழக்கம்போலக் கப்பலைத் திட்டினேன். அடுத்த மாதமும் திட்டினேன்.

ஒரு நாள் காலையில் கூட்டை மேலே இழுத்தபோது சிப்பிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. உயிருள்ள சிப்பியைத் தட்டினால் டக்கென்று மூடும். தட்டினேன். மூடவில்லை. அடுத்த கூட்டிலும் அதே கதி. நாற்றம் குடலைப் பிடுங்கியது. படகுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எல்லாம் போச்சு டீச்சர்" என்றார். இரண்டு வருட உழைப்பு.

தொடர்ச்சியில் ஏதாவது இருக்கும் என்று, ஈரச் சேலையோடு நேரே நூலகத்துக்குப் போனேன். நூலகர் என்னைவிட வயதில் மூத்தவர், நல்ல மனிதர்.

"அண்ணாச்சி, அந்தச் சிப்பி இதழ் இன்னும் வரலியா?"

"அத நிப்பாட்டியாச்சே டீச்சர்."

ஊருக்குப் போகிறவர்கள் பால் வேண்டாம் என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"யாரக் கேட்டு நிப்பாட்டுனீங்க?"

"யாரும் வாசிக்காதத எதுக்கு வரவழைக்கணும்? வெளிநாட்டு இதழக் குறைங்கன்னு முதல்வர் சொல்லிட்டாரு. நான் சும்மா குறைக்கல டீச்சர். தெனமும் சாயங்காலம் மணி அடிச்சதும் மேசை மேசையாப் பாக்குதேன். எது கெடக்குதோ அத யாரோ வாசிச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஒங்க இதழ் ஒரு நாளாவது கெடந்திருக்கா?"

கிடக்காது. கிடக்கவே கிடக்காது. அப்பாவும் அம்மாவும் நாசரேத்தில் பள்ளி ஆசிரியர்கள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவர்களுக்கு எங்கள் வீட்டில் சோறு கிடையாது.

"நான் வாசிச்சிட்டு எடுத்த எடத்துலயே வச்சிருவேன் அண்ணாச்சி."

"வச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"மேசையில போட்டுட்டுப் போங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா எல்லாரும் வேணும்னே போட்டுருவாங்க. அப்புறம் என் கணக்கு பொய்யாயிருமே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பக்கத்து மேசையில் இயந்திரங்கள் பற்றிய தடித்த அட்டை இதழ் ஒன்று கிடந்தது. அதை வாசித்த ஒரு ஆத்மாவை நான் கண்டதில்லை. மின்சாரம் போனால் விசிறிக்கொள்ள அதைவிடத் தோதான அட்டை அந்த நூலகத்தில் இல்லை. வருடம் முழுக்க விசிறிய புண்ணியத்தில் அது பிழைத்துவிட்டது, என்னுடையது போய்விட்டது.

மறுவாரம் மதுரைக்குப் போய் என் ஆய்வு வழிகாட்டியிடம் சிப்பிகள் செத்ததைச் சொன்னேன். உப்பு நீர் என்றதும் அவர் முகம் மாறியது. அலமாரியிலிருந்து ஓர் இதழை உருவி நீட்டினார். நான் காத்திருந்த அதே இதழ். தொடர்ச்சியின் முதல் பத்தியிலேயே இருந்தது. இந்த வழி வளர்ந்த சிப்பிகளுக்கு மட்டுமே, குஞ்சுகள் முதலில் தேறியது போலத் தெரியும், சில வாரங்களில் செத்துவிடும். திரும்பவும் வாசித்தேன்.

"அடுத்த இதழ்லயே தெளிவா எழுதியிருக்கானே. நீங்க லைப்ரரி பக்கமே போறதில்லையாம்மா?" என்றார் வழிகாட்டி.

எழுந்துபோய், அந்த இதழை அவர் அலமாரியில் எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு வெளியே வந்தேன்.