மிசின் சொன்ன அறுபத்தெட்டு

ஒரு ஊரிலே ஒரு வான் இருந்ததாம், அந்த வானுக்கு ஒரு டிரைவர் இருந்தானாம், அவன் மணி அடிக்கமுன்னம் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் இறக்கவும் வேணுமாம், மெதுவாகப் போகவும் வேணுமாம். பள்ளிக்கூட வான் ஓட்டுகிற தொழிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நீங்களும் வான் ஓட்டுகிறவர்கள் என்றால் மேற்கொண்டு வாசிக்காமலே உங்களுக்கு முழுக்கதையும் விளங்கியிருக்கும். மற்றவர்களுக்காகத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

கை காட்டின இடம்

அன்றைக்கு ஒரு வீட்டில் பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்தைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே, நாய்க்குப் பக்கத்தில், குசினியில் என்று வீடே தேடியது. நான் படலையடியில் வானை நிறுத்திக்கொண்டு இருந்தேன். ஹோர்ன் அடிக்க எனக்கு மனம் வராது. சப்பாத்து கிடைத்து, பிள்ளை ஏறி, உப்புவெளியைத் தாண்டும்போது ரோட்டு வெறிச்சென்று கிடந்தது. பின்னாலிருந்து ஒரு தனியார் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்து என்னை முந்தியது. வளைவு கழிய, வேப்பமரத்தின் கீழ் நின்ற பொலிஸ்காரர் பஸ்ஸை விட்டுவிட்டு எனக்குக் கையைக் காட்டினார்.

“பஸ்ஸைத்தான் சேர் பிடிச்சிருக்கு” என்றேன். என் குரல் கேட்காமல் அவர் ஜன்னலுக்குள் குனிந்தார். இரண்டாம் தரம் சொன்னேன். அவர் கையிலிருந்த வேகம் அளக்கிற மிசினைத் திருப்பிக் காட்டினார். அறுபத்தெட்டு என்று இருந்தது. ஐம்பதுக்கு மேல் போகக்கூடாத இடம். பின்னால் இருந்த பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டுகிற கடைசி நாள்வரை லைசன்ஸுக்குப் பதிலாகச் செல்லுகிற தண்டச் சீட்டை எழுதி என் கையில் தந்துவிட்டு, சிங்களம் கலந்த தமிழில் அவர் சொன்னார்:

“நான் சொல்ல இல்ல தம்பி, மிசின்தான் சொல்றது. உள்ளுக்குச் சின்னப் புள்ளங்க இருக்கிறதால நான் ஏச இல்ல. எழுதுறது மட்டும்.”

படலையடியில்

பள்ளிக்கூட வானில் எதுவும் இரகசியமாய் இருக்காது. பின்னேரம் நான் பிள்ளைகளை இறக்கி முடிக்கமுன்னம் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. வான் அண்ணாவைப் பொலிஸ் பிடித்தது என்று ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது. விலங்கு போட்டார்கள் என்று இன்னொரு பிள்ளை சொல்லியிருக்கிறது. ஒரு தாய் என்னிடமே, “தம்பி, வெளியில விட்டிட்டாங்களோ?” என்று குரல் பதிவு அனுப்பினா.

அந்தக் குழுவைத் தொடங்கியவ கலா அக்கா. முன்சீட்டில் இருக்கிற ஆரணியின் தாய். ஆரணி கைக்குழந்தையாக இருந்தபோது அவவின் புருஷன் புல்மோட்டை ரோட்டில் மண் ஏற்றின டிப்பர் லொறிக்குக் கீழே போய் இறந்தவர். அதற்குப் பிறகு அவ எந்த வாகனத்தையும் இலேசில் நம்புவதில்லை. ஊரில் எத்தனையோ வான் இருக்க என் வானைத் தேடி வந்தபோது, “கத்திக் கதைக்கிறவன் கத்தித்தான் ஓடுவான், நீங்கள் மெல்லமாக் கதைக்கிறீங்கள்” என்று காரணம் சொன்னவ. அவ பிள்ளையை விட்டதைப் பார்த்துத்தான் மற்றத் தாய்மாரும் விட்டார்கள். அவ நிற்பாட்டினால் அவர்களும் நிற்பாட்டுவார்கள். பிறகு எனக்கு வானும் இல்லை, ஓட்டமும் இல்லை. இந்தத் தண்டச் சீட்டில் எனக்கிருந்த பயம் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் காலை பிள்ளையை ஏற்றாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றா.

“மற்றாக்கள் சொல்லுறதை நான் கேக்கயில்லைத் தம்பி. நீங்கள் சொல்லுங்கோ. வேகமா ஓடினீங்களோ?”

“இல்லை அக்கா. ஒரு பஸ் முந்தினது. மிசின் அதைத்தான் பிடிச்சிருக்கோணும்.”

என் முகத்தைப் பார்த்தா. பிறகு தானே முன்கதவைத் திறந்து ஆரணியை இருத்தினா.

“அப்ப தண்டத்தைக் கட்டாதேங்கோ. கட்டினா ஓடினதெண்டுதான் அர்த்தம். ஓடயில்லையெண்டா அதைக் கோட்டில போய்ச் சொல்லுங்கோ, நான் உங்களை நம்பி விடுறன்.”

தபால் கந்தோர் வரிசை

அவவுக்கு ஓம் என்று தலையாட்டிவிட்டு நான் நேரே போனது தண்டம் கட்டுகிற தபால் கந்தோருக்கு. சிரிக்காதீர்கள், நீங்களும் போயிருப்பீர்கள். கட்டினால் இன்றைக்கே பொலிஸில் லைசன்ஸை எடுக்கலாம், இரவு நித்திரை வரும். கட்டாவிட்டால் கோட்டு. 

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரர் தான் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தவே இல்லை, ஓட்டோ தானாக நின்றது என்று எல்லாருக்கும் விளங்கப்படுத்திக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் நின்றவர் தலைக்கவசம் போட்டிருந்ததாகவும் அது பொலிஸின் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். என் முறை வந்தது. காசை நீட்டாமல், “மிஸ், நான் வேகமா ஓடயில்லை. கட்டாமல் விட்டா என்ன செய்வாங்கள்?” என்று கேட்டேன். ஜன்னலுக்குள் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

“தம்பி, இந்த ஜன்னலுக்கு முன்னால பிழை செய்த ஆள் ஒருத்தரும் இண்டைவரைக்கும் வரயில்லை. கட்டுறதெண்டாக் கட்டுங்கோ, இல்லாட்டித் தள்ளி நில்லுங்கோ, பின்னால நிக்கிறவரும் ஒண்டும் செய்யாத ஆள்தான்.”

ஓடாத ஓட்டம்

தள்ளி நின்றேன். கோட்டு எப்படி இருக்கும் என்று முதலில் பார்ப்போம் என்று ஒரு திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனேன். வாசலில், எங்கள் ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் தாளைச் சப்பிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு மனிதர் குந்தியிருந்தார். புல்மோட்டையிலிருந்து மீன் லொறி ஓட்டுகிறவராம். அவரும் வேக வழக்கு. அவரும் ஓடவில்லையாம்.

அவர் முதல் தவணைக்கு வந்தபோது வழக்கு எழுதின பொலிஸ்காரர் லீவு. அடுத்த தவணைக்கு மிசினின் சான்றிதழ் வரவில்லை. அதற்கடுத்த தவணைக்குப் பொலிஸ்காரரும் சான்றிதழும் வந்தபோது நீதவான் மாறிப் போய்விட்டார். ஒவ்வொரு தவணைக்கும் லொறி வீட்டில் நிற்கும், முதலாளி வேறு டிரைவரைப் போடுவார், இப்போது அந்த வேறு டிரைவர்தான் டிரைவர். “அப்ப ஏன் அண்ணை கட்டாமல் விட்டனீங்கள்?” என்று கேட்டேன். “ஓடயில்லையே தம்பி” என்றார். பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டதும் எழும்பிச் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்:

“அண்டைக்கு ஓடாத ஓட்டத்தை இப்ப இந்தக் கோட்டுக்கு ஓடுறன்.”

லோயர் கேட்ட ஒரே கேள்வி

வழக்காடத் துணிந்துதான் லோயரிடம் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் போனேன். கலா அக்கா ஒவ்வொரு காலையும், “கோட்டு எப்ப தம்பி?” என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளையை ஏற்றினா. அந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்றே போனேன்.

லோயர் நல்ல மனிதர். கதிரையைக் காட்டினார். பஸ் முந்தியதைச் சொன்னேன், வளைவைச் சொன்னேன், வேப்பமரத்தைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “நல்லது. உங்கட மீட்டர் அப்ப எத்தினை காட்டிச்சு?” என்றார்.

நான் வேப்பமரத்தைத் திரும்பவும் சொன்னேன். அவர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் கேட்டார்.

“மீட்டர் வேலை செய்யிறேல்லை சேர்.”

“எப்ப இருந்து?”

“நான் வானை எடுத்த நாளில இருந்து.”

மீட்டர் இல்லாமல் எப்படி ஓடுகிறீர் என்று கேட்டார். கியரை வைத்து, இரைச்சலை வைத்து, வேலிக்கம்பிகள் போகிற போக்கை வைத்து என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு விசர்க்கதை என்று எனக்கு விளங்கியது. லோயர் பேனாவை மூடினார்.

“சுற்றவாளி, நான் பிழை செய்யயில்லை எண்டு சொல்லுறது சுகம் தம்பி. அதுக்குப் பிறகு அவங்கள் கேக்கப்போற முதல் கேள்வி நான் கேட்டதுதான், அதுக்கு நீங்கள் இப்ப சொன்ன பதிலைச் சொன்னா வேக வழக்கோட வானுக்கும் ஒரு வழக்கு வரும்.”

ஃபாரூக் நானாவின் கேபிள்

வான் என்னுடையதில்லை. கிண்ணியா ஃபாரூக் நானாவுடையது. மீட்டருக்குப் போகிற கேபிளைக் கழற்றி விட்டது அவர்தான். ஏன் என்று வாகனக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கேபிளைக் கழற்றினால் வான் எவ்வளவு ஓடினாலும் மீட்டரில் கிலோமீற்றர் ஏறாது. விற்கும்போது குறைய ஓடின வான் என்று நல்ல விலை போகும். நம்முடைய ஊரில் பாதி வாகனம் இந்த மாதிரி இளமையாக இருக்கிறது.

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்க் கேபிளைத் திரும்பக் கொழுவச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தேத்தண்ணி தந்தார். வீட்டின் பின்வளவைக் காட்டினார். மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மாப்பிள்ளையைக் கூப்பிட ஏலாது. அத்திவாரம் போட்டபடி கிடக்கிறது, அதற்குள் மழைத்தண்ணீர் நின்று தவளை கத்துகிறது. வான் விலைப்பட்டால்தான் சுவர் எழும்பும். “தண்டக் காச நான் தாறன் தம்பி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க” என்றார். நான் காசுக்கு வரவில்லை என்றேன்.

“கேபிளக் கொழுவினா என்ட வான் ஒரே நாளையில கிழடாப் போயிடும் தம்பி. அது கிழடாப் போனா என்ட புள்ள குமராவே இருந்திடும்.”

முன்சீட்டு

இதற்குப் பிறகும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கோட்டில் சொல்ல ஏலாவிட்டாலும் கலா அக்காவிடம் சொல்லலாம். மீட்டர் இல்லை, ஆனால் நான் ஓடவில்லை என்று. அது உண்மைதானே.

ஆரணி முன்சீட்டில் ஏறினால் முதலில் பார்ப்பது அந்த மீட்டரைத்தான். ஏன் முள் அசையவில்லை என்று அவள் முதல்நாள் கேட்டபோது, அது ஒரு ராசகுமாரி, ஏழு கடல் தாண்டி வந்த களைப்பில் நித்திரை கொள்கிறா, எழுப்பினால் பாவம் என்று ஒரு கதை சொல்லி வைத்தேன். வானில் பிள்ளைகளை அமைதியாக வைத்திருக்க எனக்குத் தெரிந்த வழி கதை ஒன்றுதான். அன்றிலிருந்து அவள் ஏறினதும் முள்ளைப் பார்த்து, “இன்னும் எழும்பயில்லை” என்று மற்றப் பிள்ளைகளுக்கு அறிவிப்பாள்.

அந்தக் கிழமை ஒரு காலை அதே வளைவுக்கு வந்தோம். பொலிஸ் இல்லை. நான் சும்மா, என் மனத்துக்கு ஆறுதலாக ஒருத்தராவது சொல்லட்டும் என்று கேட்டேன்.

“ஆரணி, அண்டைக்கு அந்த பஸ் எங்களை முந்திக்கொண்டு டக்கெண்டு போனதுதானே?”

அவள் யோசித்தாள். பின்சீட்டில் இருந்த பிள்ளைகள் இல்லை இல்லை என்று கத்தினார்கள். பஸ்ஸின் மிதிபலகையில் நின்ற கண்டக்டர் நாக்கை நீட்டிக் காட்டினாராம், இவர்களும் நீட்டினார்களாம், அவர் ஒரு பாட்டுக்குத் தாளம் போட்டாராம், இவர்கள் கை தட்டினார்களாம். கேட்கக் கேட்க என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. மெதுவாகப் போகிற வானை முந்துகிற பஸ்ஸில் நின்றுகொண்டு அவ்வளவு விளையாட்டுக் காட்ட நேரம் வராது. பஸ் பாய்ந்து வந்தது. அது என்னைக் கடக்க அவ்வளவு நேரம் எடுத்தது என்றால், நான் என்ன வேகத்தில் போனேன்? சப்பாத்துத் தேடிய நேரத்தைப் பிடிக்கத்தான் போனேனா? எனக்குத் தெரியாது. முள்ளுக்கும் தெரியாது.

ஆரணி என் கையைத் தட்டினாள்.

“பஸ் எங்களோட சேந்து கனதூரம் வந்ததுதானே அண்ணா, உங்களுக்கு ஞாபகமில்லையோ?”

கடைசி நாள்

தண்டம் கட்ட இருந்த கடைசி நாள் கட்டினேன். தபால் கந்தோர் அம்மா என்னை அடையாளம் கண்டு முத்திரை குத்தினா. பொலிஸில் லைசன்ஸைத் தந்தார்கள்.

அடுத்த நாள் காலை கலா அக்கா வழக்கம்போல, “கோட்டு எப்ப தம்பி?” என்றா. படலையடியில் அவவின் சைக்கிள் சாத்தியிருந்தது. ஆரணி முன்சீட்டில் ஏறி இருந்துவிட்டாள்.

“கட்டிட்டன் அக்கா.”

“அப்ப ஓடினீங்கள்.”

“தெரியாது அக்கா.”

“தெரியாதெண்டா? மீட்டர் எத்தினையில நிண்டது?”

ஃபாரூக் நானாவின் பின்வளவு எனக்கு நினைவு வந்தது. மீட்டர் கதை வெளியே போனால் வான் விலைப்படாது, அங்கே சுவரும் எழும்பாது. அறுபது என்று ஒரு பொய் சொன்னால் முடிந்தது. இனி ஓடமாட்டேன் என்று ஒரு வாக்கும் சேர்த்துக் கொடுக்கலாம், அவ ஏசிவிட்டு விட்டுவிடுவா. வாயைத் திறந்தேன். வேறு கதை வந்தது.

“மீட்டர் வேலை செய்யிறேல்லை அக்கா. ஒருநாளும் வேலை செய்யயில்லை. நான் எவ்வளவு வேகத்தில ஓடினனான் எண்டு ஒருநாளும் எனக்குத் தெரியாது.”

 அவ முன்கதவைத் திறந்து, பிள்ளையை இறக்கி, புத்தகப் பையை எடுத்துத் தன் தோளில் போட்டா. ஆரணி முள்ளைத் திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்த பிள்ளைகள் ஏன், ஏன் என்று கேட்டார்கள்.

“ஓடினனான் எண்டு சொல்லியிருந்தா, இனி ஓடாதேங்கோ எண்டு சொல்லிப் பிள்ளையை ஏத்தி விட்டிருப்பன் தம்பி. இப்ப நான் என்னத்தைச் சொல்லி ஏத்திறது?”

தண்டத்தைக் கட்டிச் சட்டத்தின் கணக்கில் நான் நல்ல டிரைவராகிவிட்ட மறுநாளே, பிள்ளையைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஏறி மிதிக்காமல் கையால் உருட்டியபடி, கலா அக்கா நடந்து போய்விட்டா.