நினைவு மலரில் இரண்டு மாடுகள்

பாரிஸ் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஓர் அச்சகம். கலியாண அட்டைகளுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறேன். கிளிநொச்சியிலிருந்து கருத்தரங்குக்கு வந்த என்னை, எழுத்துப்பிழை பார்க்கத் தேவராசா அங்கிள் பிடித்து வந்திருக்கிறார். அவருடைய அப்பா இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சாகிறது.

"எங்கடை ஊரிலை படிச்ச பிள்ளை" என்று அச்சகக்காரரிடம் சொல்கிறார். பெருமையாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

மூன்றாம் பக்கம் வரைக்கும்தான் அந்தப் பெருமை. 'தன் இரு கைகளாலும் வன்னிக் காட்டை வெட்டி வயலாக்கியவர்' என்று அங்கே அவருடைய அப்பாவைப் பற்றி இருக்கிறது. அவரோ மரநிழலில் நின்று வேலை வாங்கியவர். கோடாலி பிடித்தவர் அவர்களிடம் கூலிக்கு இருந்த என் தாத்தா மாரிமுத்து. தாத்தாவின் பெயர் எங்கேயும் இல்லை. உழுத மாடுகளின் பெயர்கள் இருக்கின்றன: செவலை, மயிலை.

"அங்கிள், எங்க தாத்தா பெயர் விடுபட்டிருக்கு."

"மாரிமுத்துவை ஆருக்குத் தெரியாது? அதை எழுதவும் வேணுமே? நீ எழுத்துப்பிழையைப் பார் பிள்ளை."

"இரு கைகளாலும்னு இருக்கிறதும் பிழைதான். அந்த ரெண்டு கையும் எங்க தாத்தாவோடது."

அச்சகக்காரர் கணினிக்குப் பின்னால் குனிந்துகொள்கிறார்.

"இடமில்லை, பிள்ளை. பக்கம் கட்டியாச்சு."

"அப்ப ஒரு மாட்டை எடுத்துடுங்க."

சிவப்புப் பேனாவை மூடாமல் காத்திருக்கிறேன். அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்தை வாங்கி நெடுநேரம் பார்க்கிறார்.

"எந்த மாட்டை?" என்கிறார், உண்மையான கவலையோடு.