ஒத்துக்கொள்ளச் சொன்னேன்

திருப்பூர் கோர்ட்டில் இலவசச் சட்ட உதவி வக்கீலாக இருந்த வருடங்களில் எனக்கு ஒரு பெருமை உண்டு. என் கைக்கு வந்த கேஸ் தேங்காது. பனியன் கம்பெனித் திருட்டு, சைக்கிள் திருட்டு, குடித்துவிட்டு அடிதடி, எதுவானாலும் ஒரே வழிதான். ஆள் ஏற்கெனவே ஒரு மாதம் ரிமாண்டில் இருந்திருப்பான். குற்றத்தை ஒத்துக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்து அன்றைக்கே விட்டுவிடுவார்கள். வழக்காடினால் வருடக்கணக்கில் அலைய வேண்டும். "ஒத்துக்கோங்க, சாயங்காலம் ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்பேன். எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வக்கீல் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நின்றபோதும் இதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன்.

ஓட்டுப்பதிவு நாளன்று காலையில்தான் அவனைக் கொண்டுவந்தார்கள். தென்மாவட்டத்துக்காரன். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர். ஏற்றுமதிக்குக் கட்டி வைத்திருந்த இரண்டு பண்டல் டி-ஷர்ட்டைத் திருடினான் என்று வழக்கு.

"ஐயா, நான் எடுக்கல" என்றான்.

"அது கெடக்கட்டுமுங்க. ஊட்ல யாரு இருக்கறாங்க?"

"பொண்டாட்டி மட்டுந்தான்யா. எட்டு மாசம்."

"அப்பறம் என்னங்க? ஒத்துக்கோங்க."

என் மனசெல்லாம் ஓட்டுப் பெட்டியில் இருந்தது. குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்தைத் தாண்டி நான் படிக்கவில்லை. மாஜிஸ்திரேட் கேட்டபோது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தலையாட்டினேன். "ஆமாங்கய்யா" என்றான். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். அவள் அவன் மனைவி என்று அப்போது எனக்குத் தெரியாது. இருபது வருடம் ஆகப்போகிறது. இன்றும் கூண்டில் யாராவது "ஆமாங்கய்யா" என்றால், பின்னால் யாராவது எழுந்து போகிறார்களா என்று என் தலை தானாகத் திரும்புகிறது.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனான். நான் ஜெயித்தேன். பட்டாசும் மாலையுமாக ஒரே அமர்க்களம்.

நாலைந்து மாதம் கழித்துச் சங்க அறைக்கு வந்தான். பாதியாக இளைத்திருந்தான். கேஸைத் திரும்ப எடுக்கச் சொல்லுவான் என்று நினைத்து, முடியாது என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவன் கேட்டது வேறு.

"நான் எடுக்கலன்னு லைன் வீட்டுல குடியிருக்க அத்தன பேருகிட்டயும் சண்ட போட்டவய்யா அவ. கோர்ட்டுல நானே ஆமான்னதக் காதால கேட்டுட்டா. இப்ப எங்கூடப் பேசமாட்டேங்கா. புள்ளையத் தூக்கிட்டு ஊருக்குப் போறேங்கா. நீங்க சொல்லித்தான் ஒத்துக்கிட்டேன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்யா."

"இது என்னங்க பெரிய விஷயம், கூட்டிட்டு வாங்க" என்றேன். மடையன், உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் வந்தார்கள். நாற்காலியைக் காட்டினேன், அவள் உட்காரவில்லை. குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அவரு எடுக்கலீங்கம்மா. சீக்கிரம் வெளிய வரட்டும்னு நாந்தான் ஒத்துக்கச் சொன்னேன்."

"எடுக்கலன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவன் எடுத்தானா இல்லையா என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. "தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அவருக்காகப் பேசத்தான வந்தீக. ஜட்ஜையா கேக்கும்போது பக்கத்துலதான நின்னீக. தெரிஞ்சிருந்தா அப்பச் சொல்லிருப்பீகள்லா?"

இனி நான் தெரியாது என்றாலும் அவளுக்கு அவன் திருடன், தெரியும் என்றாலும் அவன் திருடன். அவள் படியிறங்கிப் போனாள். அவன் கொஞ்ச நேரம் நின்றான். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்தான் போல. பிறகு எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஓடினான்.

அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த லைன் வீட்டு முகவரி கேஸ் கட்டில் இருந்தது. போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.